போர் நடந்தால் கடலுக்கு ஓய்வு கிடைக்குமா?

கேள்வி இது: “போர்க்காலத்தில் மீன்பிடி நின்றுவிடும், அதனால் கடல் உயிர்கள் பெருகும் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் இலங்கைப் போர் நடந்த கடலில் மீனும் ஆவுளியாவும் (கடற்பசுவும்) ஏன் பெருகவில்லை? கடல் சூடாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நம்மால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?”

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஓய்வு கிடைக்கும், ஆனால் எல்லோரும் ஒதுங்கினால்தான். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள பாக் விரிகுடாவில் ஒரு கரைக்காரர்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் மறுகரைக்காரர்கள் போய் நின்றார்கள். மற்றதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இரண்டு கரையிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

போரில் கடல் ஓய்வெடுக்கும் என்ற பேச்சு ஒன்றும் கட்டுக்கதை இல்லை. முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி பெருமளவு குறைந்துபோனது. உம்பெர்ட்டோ டான்கோனா என்ற இத்தாலிய உயிரியலாளர் பிற்பாடு துறைமுகச் சந்தைகளின் பழைய கணக்கேடுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். ஃபியூமே என்ற ஊரின் சந்தைக்கு (இன்று குரோயேஷியாவில் ரியேகா என்ற பெயரில் இருக்கிறது) வந்த மீனில் சுறா, திருக்கை இனங்களின் பங்கு 1914-இல் 11.9 சதவீதம். 1918-இல் அது 36.4 சதவீதம். இது ஏன் என்று வீட்டோ வோல்டெரா என்ற கணிதப் பேராசிரியரிடம் கேட்டார் டான்கோனா. வோல்டெரா பின்னாளில் அவருக்கு மாமனாரும் ஆனார். அந்தக் கேள்விக்கு விடையாக 1926-இல் அவர் எழுதிய சமன்பாடுகளைத்தான் வேட்டையாடும் உயிருக்கும் இரையாகும் உயிருக்கும் உள்ள உறவை விளக்க இன்றைக்கும் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, இங்கே கூடியது சுறாவின் பங்கு. எல்லா மீனும் ஒன்றுபோலப் பெருகின என்று இதற்கு அர்த்தம் இல்லை. மீன்பிடி குறைந்தால் பெரிய மீன் தின்னிகள்தான் முதலில் தலைதூக்கும், சிறு மீன்கள் அவற்றுக்கு இரையாகும். இரண்டு, அதே ஃபியூமே கணக்கில் 1923-ஆம் ஆண்டு: 10.7 சதவீதம். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், தொடங்கிய இடத்துக்கும் கீழே. படகுகள் திரும்பி வந்ததும் கிடைத்த ஓய்வும் போய்விட்டது. வட கடலிலும் இதே கதைதான். இரண்டு உலகப் போர்களிலும் இழுவைப்படகுகளைக் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குக் கடற்படைகள் எடுத்துக்கொண்டன. போர் முடிந்ததும் முதல் சில ஆண்டுகள் வலை கனத்தது. பிறகு மறுபடி பழைய நிலை.

போர் நேரடியாகவே கடலைக் கொல்வதும் உண்டு. ஈரான்–ஈராக் போரில், 1983-இல், பாரசீக வளைகுடாவின் நவ்ரூஸ் எண்ணெய் வயல் தாக்கப்பட்டு மாதக்கணக்கில் எண்ணெய் கசிந்தது. பல ஆவுளியாக்கள் செத்துக் கரை ஒதுங்கின. அந்த வளைகுடாவில் எவ்வளவு ஆவுளியா இருந்தது என்பதே அதற்குப் பிறகு எண்ணப் போனபோதுதான் தெரிந்தது. 1986-இல் பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவே ஒரே கூட்டமாக 600-க்கும் மேல் பார்த்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1991 வளைகுடாப் போரில், அதே கடலில் பல லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் கொட்டியது. பல்லாயிரம் கடற்பறவைகள் செத்தன. 2024-இல் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலுக்கு உள்ளான ரூபிமார் கப்பல் 20,000 டன்னுக்கும் மேற்பட்ட உரத்தோடு மூழ்கியது. நீர்மூழ்கிகளைத் தேடக் கடற்படைகள் நீருக்குள் அனுப்பும் சோனார் ஒலியும் இருக்கிறது. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கில இனத்து உயிர்கள் கரை ஒதுங்கியதற்குத் தன் சோனார் காரணம் என்பதை அமெரிக்கக் கடற்படையே ஒப்புக்கொண்டது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதம், படம் எடுக்கலாம். நம் கடலில் நடந்தது படத்தில் விழாத வகை.

பாக் விரிகுடாவைக் கடல் என்று சொல்வதைவிடப் பெரிய ஏரி என்று சொன்னால் சீக்கிரம் புரியும். பெரும்பகுதியில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகள், மேற்கே ராமேஸ்வரம் முதல் கோடியக்கரை வரை தமிழ்நாடு, கிழக்கே மன்னாரும் யாழ்ப்பாணமும். அலை குறைவு, வெயில் தரைவரை இறங்கும். அதனால்தான் இங்கே கடற்புல் இவ்வளவு வளர்ந்தது. நம் மீனவர்கள் தாழை என்பார்கள். தாழை இருக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், கடல் குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும், ஆவுளியா மேயும்.

இந்த ஆழமில்லாக் கடலில்தான் 1960-களின் கடைசியில் விசைப்படகும் இழுவைமடியும் வந்தன. அதற்கு முன்பே, 1950-களில், கேரளத்தில் நார்வே நாட்டு உதவியோடு இயந்திரப் படகுத் திட்டம் தொடங்கியிருந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலை அதை எல்லாக் கரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1970-களிலேயே நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இங்கே மோதல் வெடித்தது. வலை அறுந்தது, ரத்தம் சிந்தியது. கடைசியில் நாட்களைப் பங்கு போட்டார்கள்: திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று தமிழ்நாடு சட்டமும் போட்டது. அந்தச் சட்டத்தின் ஆண்டு 1983.

அதே 1983-இல்தான் இலங்கையில் போர் தொடங்கியது.

அடுத்த 26 ஆண்டுகள் வடக்கு மீனவனுக்குக் கடல் பூட்டிக் கிடந்தது. எந்த நேரம் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் கடற்படை முடிவு செய்தது. பல இடங்களில் போகவே முடியாது. வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றான மயிலிட்டி 1990-இல் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஊர்க்காரர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில், 27 ஆண்டு கழித்து. படகையும் வலையையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போனவர்கள் உண்டு. அதே படகில் ராமேஸ்வரம் வந்து அகதியாக இறங்கியவர்களும் உண்டு.

கடலின் கிழக்குப் பாதி இப்படி ஆளில்லாமல் கிடந்தபோது, மேற்குப் பாதியில் மீன் குறைந்துகொண்டே வந்தது. தமிழ்நாட்டின் பாக் விரிகுடாக் கரையில் மட்டும் விசைப்படகுகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. நம் பக்கத்து நீர் அத்தனை படகுக்குப் போதாது. அதனால் அவை எல்லையைத் தாண்டின. சுடப்பட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் இன்றும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம் தொங்குகிறது. இதை எழுதும்போது அதை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆனால் கடலின் அடித்தரையைக் கேட்டால் அது வேறு ஒன்றையும் சொல்லும்: ஒரு கரைக்காரன் மீன்பிடிக்காத ஆண்டுகளில் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை, ஆள் மாறியது. வலை வீசுகிறவன் போய் மடி இழுக்கிறவன் வந்தான்.

மடி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: பெரிய பை போன்ற வலை. வாய் விரிந்திருக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடியில் ஈயமும் சங்கிலியும். படகு முன்னால் போகப் போக இது தரையை உழுதுகொண்டே பின்னால் வரும். ஆழ்கடலில் மடி ஒரு மூலையில் உழும். பத்து மீட்டர் ஆழக் கடலில் அது உழாத இடமே மிஞ்சாது. கிளம்பிய சேறு அலையில்லாத நீரில் மணிக்கணக்கில் மிதக்கும். வெயில் தரைக்குப் போகாது. மடி அறுத்த தாழை ஒரு பங்கு என்றால், வெளிச்சம் கிடைக்காமல் வாடுகிற தாழை இன்னொரு பங்கு.

ஒரு விடிகாலையில் படகு திரும்பியதும் பலகைமேல் கொட்டிய குவியலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேலே இறால், கணவாய், நண்டு என்று கை வைத்ததுமே பிரித்துக் கூடைக்குப் போனது. மிச்சம்தான் குவியலின் பெரும்பகுதி: சுண்டுவிரல் அளவு காரல், கண் திறக்காததுபோல இருந்த திருக்கைக் குஞ்சு, இரண்டு கடல் பாம்பு, வேரோடு பிடுங்கின தாழைக் கற்றை, அதில் வால் சுற்றியபடியே செத்துக் காய்ந்த ஒரு கடல் குதிரை. இந்த மிச்சத்துக்கு ராமேஸ்வரத்தில் சங்காயம் என்று பெயர். கோழித்தீவனத்துக்கும் மீன் தூள் ஆலைக்கும் போகும். பிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் எல்லை தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்டேன். “அங்கிட்டுப் போகாட்டி டீசல் காசே தேறாது தம்பி. இங்கிட்டு என்ன இருக்கு?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

மன்னார்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் சொன்னதும் நினைவில் இருக்கிறது. “அவையள் வாற மூண்டு நாளும் நாங்கள் வலை போடுறேல்லை. போட்டால் விடிய வலையே இராது.” வடக்கில் இழுவைப்படகை றோலர் என்பார்கள். திங்கள், புதன், சனி என்று நம் ஊரில் இரு தரப்பும் சண்டை தீர்க்கப் போட்ட ஏற்பாடு, கடல் தாண்டி இன்னொரு நாட்டு மீனவனின் வாரத்தில் மூன்று இரவுகளைத் தின்றுவிட்டது. அவரும் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்றால், குருநகர், பேசாலை மாதிரி இடங்களில் இலங்கை மீனவர்களிடமும் றோலர் இருந்தது. தங்கூசி வலை (ஒற்றை நைலான் இழையால் பின்னியது) அங்கே தடை செய்யப்பட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

இனி ஆவுளியா. கடற்பசு என்று பாடப் புத்தகம் சொல்லும். மூன்று மீட்டர் நீளம், முந்நூறு நானூறு கிலோ எடை, தின்பது அநேகமாகக் கடற்புல் மட்டும், ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல். எழுபது வயது வரை வாழும். ஆனால் வயிற்றில் பிள்ளை பதின்மூன்று மாதத்துக்கு மேல், போடுவது ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. இந்தக் கணக்கைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். போர் தொடங்கிய ஆண்டில் பிறந்த ஒரு பெண் ஆவுளியா பத்து வயதுக்கு மேல்தான் ஈனத் தொடங்கியிருக்கும். போர் முடியும்வரை அது உயிரோடு இருந்திருந்தால், ஈன்றது நான்கோ ஐந்தோ. மத்தி மீன் ஒரே ஆண்டில் முட்டையிடும் வயதுக்கு வந்துவிடும். ஓய்வு என்று நாம் சொல்லும் இருபது ஆண்டு மத்திக்கு இருபது தலைமுறை, ஆவுளியாவுக்கு ஒன்றரைத் தலைமுறைகூட இல்லை. கடல் தேறிவிடும் என்று பேசுகிறவர்கள் மனதில் மத்தியை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரு காலத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கங்களில் ஆவுளியாக் கறி வெளிப்படையாகவே விற்றது. வனவிலங்குச் சட்டம் கடுமையான பிறகு அது அடங்கியது. இன்று இந்தியா முழுவதுக்கும் ஆவுளியா சில நூறுதான், அதில் பெரும்பங்கு பாக் விரிகுடாவிலும் அதற்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவிலும். இப்போது அதைக் கொல்வது பெரும்பாலும் கறி ஆசை இல்லை. வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் நீருக்குள்ளேயே செத்துப்போகிறது.

நீர் தெளிந்திருக்கும் ஒரு மாதத்தில் மல்லிப்பட்டினத்துக்கு வெளியே, இரண்டு ஆள் ஆழத்தில், ஆவுளியா மேய்ந்த தடத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு சாண் அகலத்தில் புல்லும் வேரும் போய் வெள்ளை மணல் தெரிகிற கோடு. நேராகப் போகாது, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று வளைந்து வளைந்து போகும். இரண்டு பக்கமும் புல் அப்படியே நிற்கும். சில மாதத்தில் அந்த மணல் கோட்டை இரண்டு ஓரத்திலிருந்தும் தளிர் மூடிவிடும். படகுக்காரர் இன்னும் கொஞ்சம் வெளியே கூட்டிப்போனார். அங்கே வேறு கோடு. பலகை இழுத்த தடம், கோல் வைத்துப் போட்டதுபோல் நேராக, மடியின் அகலத்தில் இரட்டைச் சால். நடுவில் புல் இல்லை, ஓரத்தில் நின்ற புல்மேலும் சேறு படிந்து இலை பழுப்பாகியிருந்தது. அதில் ஒரு தளிர்கூட இல்லை.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். பவளத்துக்கு அது போதும். பவளப் பூச்சியின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் அதுதான், சாப்பாட்டில் பெரும்பங்கும் அதுதான். கோடையின் வழக்கமான சூட்டைத் தாண்டி நீர் சில வாரம் சூடாகவே இருந்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்துப்போகும். உடனே சாகாது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் பட்டினியில் சாகும்.

1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா மூன்று பெரிய வெளுப்பைப் பார்த்தது. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த மே மாதம் மண்டபத்துக்கு எதிரே உள்ள ஒரு தீவை ஒட்டி முகமூடி போட்டு இறங்கினேன். கைக்கு நீர் வெந்நீர் போலவே பட்டது. மான்கொம்புப் பவளம் முழுக்க வெள்ளை, சுண்ணாம்பு அடித்த மாதிரி. மூன்று வாரம் கழித்துப் போனபோது அதே கொம்புகளில் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. அது உள்ளே குடியிருக்கும் பாசி இல்லை, செத்த எலும்பின்மேல் முளைக்கிற இழைப்பாசி. 2024-இல் உலகளவில் நான்காவது பெரிய வெளுப்பு அறிவிக்கப்பட்டபோது நம் கரையும் அதில் இருந்தது.

கேள்வியின் நடுப்பகுதிக்கு இதுதான் பதில். சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல அடிக்கிறது, ஆனால் எல்லா இடமும் ஒன்றுபோலச் சாவதில்லை. வெளுத்த பவளம் தேறுவதற்கு மூன்று வேண்டும்: தெளிந்த நீர், மேலே படரும் இழைப்பாசியை மேய்ந்து தீர்க்கும் கிளிமீன் மாதிரி மீன்கள், புதிய பவளக் குஞ்சு உட்காரச் சேறில்லாத கல். மடி இழுப்பது இந்த மூன்றையும் கெடுக்கிறது. தாழைக்கும் அப்படித்தான். சூடான நீரில் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், சேறு அந்த வெளிச்சத்தை மறைக்கிறது. எல்லைத் தகராறு இல்லாமல், இரு நாடும் சேர்ந்து அடித்தரையைக் காப்பாற்றியிருந்தால், 2016-இன் சூடு அன்றைக்கும் வந்திருக்கும். ஆனால் பவளமும் தாழையும் இத்தனை மெலிந்திருக்கும்போது வந்திருக்காது.

நாமே கெடுத்துக்கொண்டதும் இருக்கிறது, எல்லாவற்றையும் போரின்மேல் போட முடியாது. தூத்துக்குடிப் பக்கத்தில் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 1986-இல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் அது நிற்கவில்லை. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது நீருக்குள் இருக்கின்றன.

சூடு மீனையும் நகர்த்துகிறது. மத்தி ஒரு காலத்தில் மலபார்க் கரையின் மீன். 1980-களுக்குப் பிறகு அது தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் கூட்டமாகக் கிடைக்கத் தொடங்கியது. மீன் இடம் மாறும்போது சண்டையும் இடம் மாறும். 1974-இலும் 1976-இலும் இரு நாடும் கடலில் போட்ட கோட்டுக்குள் மீன் நிற்கப்போவதில்லை. சட்டமோ கோட்டோடு நின்றுவிடுகிறது. கடல் அட்டையைப் பாருங்கள். 2001 முதல் இந்தியாவில் அதை எடுப்பது குற்றம். கோட்டுக்கு அந்தப் பக்கம் உரிமம் வாங்கினால் தொழில். சேற்றைத் தின்று சுத்தமாக்கி வெளியே விடுகிற, மணிக்குச் சில அடி தூரம்கூட நகராத ஒரு உயிர். அது கோட்டின் எந்தப் பக்கத்தில் பிறந்தது என்பதை வைத்து அதன் பாதுகாப்பு முடிவாகிறது. இந்த வித்தியாசம்தான் கடத்தலுக்குத் தீனி.

தீர்வு என்று இதுவரை நடந்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியையே தடை செய்தது. எனக்கு அது சரியான சட்டம். யாழ்ப்பாண மீனவர்களே பல ஆண்டு கேட்டு வாங்கியது. அதே மாதம் இந்தியா, பாக் விரிகுடா விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு 2,000 படகு, ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் எழுபது சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். மாறியவை இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. காலையில் போய் மறுநாள் கரைக்குத் திரும்பிப் பழகிய மீனவரிடம், வாரக்கணக்கில் வங்கக் கடலில் தங்கித் தூண்டில் போடச் சொல்கிறோம். தொழில் வேறு, கடல் வேறு, கடன் அவர் தலையில். பணம் மட்டும் கொடுத்தால் இது நடக்காது. முதல் இரண்டு ஆண்டு நஷ்டத்தைத் தாங்கவும் கூடவே கடலுக்கு வந்து சொல்லித் தரவும் ஆள் வேண்டும்.

2021 ஜூனில் இலங்கை மீன்வளத் துறை பழைய பேருந்துகளை நெடுந்தீவுக்கு அருகே கடலில் இறக்கியது. மீன் தங்கும் இடம் என்றார்கள், இழுவைப்படகைத் தடுக்கவும்தான். நம் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. இரும்புக் கூட்டில் மீன் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் உழுது போன தாழையைப் பேருந்து திருப்பித் தராது. பிடிபட்ட நம் படகுகள் பல ஆண்டுகளாக மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டியபடியே கிடந்து மட்கின. திருப்பித் தரவும் இல்லை, பிரித்துப் போடவும் இல்லை. இப்படிக் கிடந்து மட்கும் படகின் எஞ்சினில் இருக்கும் எண்ணெய் கடைசியில் கடலுக்குத்தான் போகும். பக்கத்தில் படகு கட்ட இடமில்லாமல் நிற்கிறவர் 27 ஆண்டு கழித்து ஊர் திரும்பியவர்.

நம்பிக்கை தரும் ஒன்றும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். நாட்டுப்படகுத் தொழிலை அது நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை அந்தக் கரை மீனவர்களே வலையை அறுத்து விடுவித்த சம்பவங்கள் பல உண்டு. ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய வலை அது. ஆனால் ஆவுளியா கோட்டைத் தாண்டியும் மேயும். மன்னார்ப் பக்கத்துத் தாழையும் இதே அளவுக்குக் காக்கப்பட வேண்டும், அதை இரு நாட்டு மீனவர்களும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அமைச்சர்கள் பேசிய பேச்சுகளைவிட மீனவர்கள் நேருக்கு நேர் பேசியவை கொஞ்சமாவது முன்னே போயின. நாட்களைப் பங்கு போட்டுக்கொண்டதுகூட இங்கே நடந்ததுதானே. கடல் தாண்டியும் அதைச் செய்யலாம்: முதலில் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், பிறகு தாழைத் திட்டுகளில், அப்புறம் மடி முழுவதுமாக நிற்கும்வரை.

நம்மால் செய்யக்கூடியது பற்றிக் கேட்டீர்கள். கரையில் இல்லாதவர் என்றால், மீன் வாங்கும்போது விரல் அளவுக் குஞ்சு மீனை வாங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம். அந்த மாதங்களில் இறால் கிடைக்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள், நாட்டுப்படகு மீன் கேளுங்கள். கடலுக்குப் போகிறவர் என்றால்: வலையில் ஆவுளியா தெரிந்தால் அதைப் படகில் ஏற்ற முயலாதீர்கள். முதல் வேலை மூக்கை நீருக்கு மேலே வைப்பது. இரண்டு பேர் தலைப்பக்கம் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒருவர் வாலில் சுற்றியதை அறுக்கட்டும். வாலால் அடித்தால் எலும்பு முறியும், ஒதுங்கி நின்று அறுங்கள். குட்டி தாயைச் சுற்றியே நிற்கும், அதைத் துரத்தாதீர்கள். விட்ட பிறகு அறுந்த வலையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இப்படி விடுவித்தவர்களுக்குப் பரிசுத் தொகை கொடுத்திருக்கிறார்கள், கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.